மரமேறும் ஹார்னஸின் பிரிட்ஜ்: அளவெடுப்பது முதல் வெட்டி எறிவது வரை

மரமேறி வேலை செய்பவரின் ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பாதுகாப்புக் கச்சை) ஒன்றை மேசைமேல் விரித்து வைத்தால், முன்பக்கம் இடது இடுப்பையும் வலது இடுப்பையும் இணைத்தபடி ஒரு முழக் கயிறு கிடக்கும். அதில் ஒரு வளையம் கோத்திருக்கும். அந்தக் கயிறுதான் பிரிட்ஜ். ஏறுகயிறு, அதைச் சுற்றிப் பிடிக்கும் ஹிட்ச் முடிச்சு, இயந்திரப் பிடிப்பான் எல்லாம் ஒரு கேரபைனர் (கதவுள்ள கொக்கி) வழியாக அந்த வளையத்தில் வந்து சேரும். ஒரு பக்கக் கிளைக்குச் சாய்ந்தால் வளையமும் பிரிட்ஜில் பக்கவாட்டில் ஓடும். முதுகு திருகாமல் சாயலாம். பாறை ஏறுபவரின் ஹார்னஸில் நடுவில் தைத்த ஒரு கண், அதாவது நாடா வளையம், போதும், அவர் கயிற்றில் தொங்குவது கொஞ்ச நேரம்தான். மரம் வெட்டுபவர் நாள் முழுக்கத் தொங்கியபடியே வேலை செய்கிறார்.

ஆளின் எடை முழுவதும் இந்த ஒரு முழத்தில்தான். ஹார்னஸில் மிக மலிவான பாகமும் இதுவே, முதலில் தேய்வதும் இதுவே. செயின்சாவுக்குச் சங்கிலி எப்படியோ, ஹார்னஸுக்கு பிரிட்ஜ் அப்படி: தேயும், மாற்ற வேண்டும். "ஹார்னஸ் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது, பிரிட்ஜ் இன்னும் அதேதான்" என்று ஒருவர் சொன்னால் அது பெருமை இல்லை.

முதலில், உங்கள் ஹார்னஸ் எதை அனுமதிக்கிறது?

மூன்று வகை உண்டு. முதல் வகையில் பிரிட்ஜ் பட்டை நாடாவால் ஆனது. ஹார்னஸோடு சேர்த்தே தைக்கப்பட்டிருக்கும். அதில் கை வைக்கவே கூடாது. நாடா தேய்ந்தால் ஹார்னஸ் போய்விட்டது என்று பொருள். தையலைப் பிரித்துக் கயிறு கட்டுவது, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புது நாடா வைப்பது எல்லாம் ஆபத்தான வேலை. அந்தத் தையலின் நூல் வகையும் தையல் எண்ணிக்கையும் தொழிற்சாலைச் சோதனையில் தேறியவை. வெளியே யாராலும் அதை ஈடுசெய்ய முடியாது.

இரண்டாம் வகையில் தயாரிப்பாளரே மாற்று பிரிட்ஜ் விற்பார். பெட்சல் சிக்வோயா, டாய்ஃபெல்பெர்கர் ட்ரீமோஷன் போன்றவை இந்த வகை. பக்க வளையங்கள் (பிரிட்ஜின் இரு முனையும் மாட்டும் இடுப்பு வளையங்கள்) திருகு போட்டுத் திறக்கும்படி இருக்கும், அல்லது கயிற்று முனையை வளையத்தில் கோத்து முடிச்சிடும்படி இருக்கும். மாற்று பிரிட்ஜ் வாங்கிப் பொருத்துவது அங்கீகரித்த வேலை. ஹார்னஸின் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாம் வகையில் இரு பக்கமும் மூடிய உலோக வளையங்கள் மட்டும் இருக்கும். கயிறு ஏறுபவரின் பொறுப்பு. அமெரிக்காவில் இது பரவலாகப் பழக்கத்தில் உள்ளது. அங்கே மரமேறும் வேலையின் பாதுகாப்புக்கான அன்சி இசட்133 தரம் ஏறுகயிறுகளுக்குக் குறைந்தபட்ச முறிவு வலிமையாக 5,400 பவுண்டு, அதாவது சுமார் 24 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 100 கிலோ எடை) கேட்கிறது. பிரிட்ஜுக்கும் அதற்குக் குறைந்த கயிற்றைத் தேடாதீர்கள்.

ஐரோப்பாவில் ஹார்னஸ் இஎன் 813, இஎன் 358 தரங்களின்படி முழு அமைப்பாகச் சோதிக்கப்படுகிறது. கையேட்டில் இல்லாத பிரிட்ஜைக் கட்டினால் அந்தச் சான்றிதழ் உங்கள் ஹார்னஸுக்குப் பொருந்தாது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் லோலர் விதிகளின்படி (தூக்கும் கருவிகள் பற்றியவை) ஆளைத் தூக்கும் கருவிகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை வேண்டும். சோதனை செய்பவர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத கயிற்றைக் கண்டால் தள்ளிவிடுவார். சம்பளத்துக்கு ஏறுபவர் அங்கே தயாரிப்பாளரின் பிரிட்ஜையே வாங்குவது மேல். கீழே வரும் முடிச்சு வேலை, கையேடு அனுமதிக்கும் ஹார்னஸ்களுக்கு மட்டும்.

நீளம்: விருப்பத்தை விட வடிவியல்

பிரிட்ஜை மாற்ற நினைப்பவர்களில் பெரும்பாலோர் நீளத்துக்காகத்தான் மாற்றுகிறார்கள். இடுப்பு வலிக்கிறது, ஹிட்ச் எட்டவில்லை, பக்கவாட்டில் சாய முடியவில்லை. மூன்றும் ஒரே கணக்கின் வெவ்வேறு முகங்கள்.

தொங்கும்போது பிரிட்ஜ் தலைகீழ் "வி" போல நிற்கும். உச்சியில் ஓடும் வளையம், இரு அடியிலும் பக்க வளையங்கள். பிரிட்ஜ் குட்டையானால் வி விரியும். விரிந்த வி-யின் இரு கால்களும் மேலே இழுப்பதோடு இடுப்பை உள்நோக்கியும் நெருக்கும். பக்க வளையங்களுக்கு இடையே 30 செ.மீ. என்றும், ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம்.

பிரிட்ஜ் 35 செ.மீ. என்றால் உச்சிக் கோணம் ஏறத்தாழ 118 பாகை. ஒவ்வொரு காலிலும் 97 கிலோ இழுவிசை. ஒவ்வொரு இடுப்பையும் உள்ளே தள்ளும் விசை 83 கிலோ. 45 செ.மீ. ஆக்கினால் கோணம் 84 பாகைக்கு இறங்கும். கால் ஒன்றுக்கு 67 கிலோ, இடுப்பு நெருக்கம் 45 கிலோ. 60 செ.மீ. என்றால் 60 பாகை, 58 கிலோ, நெருக்கம் வெறும் 29 கிலோ. பத்து சென்டிமீட்டர் கூட்டியதில் இடுப்பு வலி பாதியாகக் குறைவது இப்படித்தான். நிஜத்தில் ஹார்னஸ் வளைந்து கொடுக்கும், பக்க வளையங்கள் சற்று உள்ளே வரும்; எண்கள் கொஞ்சம் குறையும், போக்கு மாறாது.

அப்படியானால் 60 வைத்துவிடலாமே? முடியாது. ஓடும் வளையம் பக்க வளையக் கோட்டிலிருந்து 35 செ.மீ. பிரிட்ஜில் 9 செ.மீ. உயரத்தில் நிற்கும். 45-இல் 17 செ.மீ., 60-இல் 26 செ.மீ. அதன்மேல் கேரபைனர், அதன்மேல் ஹிட்ச் அல்லது பிடிப்பான். 60 செ.மீ. பிரிட்ஜில் பலருக்கு ஹிட்ச் முகத்துக்கு நேராக வந்துவிடும். அப்போது ஒவ்வொரு இழுப்பிலும் கை நீளும் தூரம் குறையும்; ஒரு மரத்துக்கு இழுப்புகள் கூடுதலாகும். எடை ஏறாத நேரத்தில் நீண்ட பிரிட்ஜ் தொடைமேல் தொங்கி முறிந்த கிளைக்குச்சியில் மாட்டும். அதைவிட மோசம், செயின்சாவை இடுப்புக்கு முன்னால் பிடிக்கும்போது தளர்ந்த கயிறு சங்கிலியின் பாதையில் வந்து நிற்கும்.

ஆகவே 40 முதல் 50 செ.மீ. வரை தொடங்கும் இடம். இங்கே நீளம் என்பது முடிச்சுகளும் உட்பட, பக்க வளையம் ஒன்றில் கயிறு தாங்கும் இடத்திலிருந்து மற்றதில் தாங்கும் இடம் வரை. சோதிக்கும் முறை எளிது: தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கி உட்காருங்கள். முழங்கை மடங்கியபடியே ஹிட்சின் உச்சியை முழுக் கையால் பிடிக்க முடிய வேண்டும். கை நீட்டித்தான் பிடிக்கிறீர்கள் என்றால் 3 செ.மீ. குறையுங்கள். இடுப்பெலும்பு அழுந்துகிறது என்றால் 3 செ.மீ. கூட்டுங்கள். ஒரே தடவையில் 10 செ.மீ. மாற்றினால் ஏறும் பழக்கமே குழம்பும்.

கயிறும் வளையமும்

பிரிட்ஜுக்கு 11 மி.மீ. அல்லது 12 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு நல்ல தேர்வு. பாலியெஸ்டர் அதிகம் நீளாது, நனைந்தாலும் வலிமை குறையாது, சுமார் 250 பாகை செல்சியஸ் வரை உருகாது. நைலான் நனைந்தால் வலிமையில் ஒரு பங்கை இழக்கும், கொஞ்சம் நீளும். இவ்வளவு குட்டைக் கயிற்றில் அது பெரிய குறை இல்லை, ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டிய காரணமும் இல்லை. டைனீமா போன்ற வழுக்கு இழைகளைத் தவிர்க்கவும்: 150 பாகைக்கு முன்பே உருகும், வேகமாக இறங்கிய சூட்டோடு இயந்திரப் பிடிப்பான் பிரிட்ஜில் சாய்ந்தால் கயிறு கருகும்; வழுக்குவதால் முடிச்சும் நிற்காது. அராமிட் இழை உருகாது. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிந்தால் உள்ளேயே ஒடியும், வெயிலிலும் சீக்கிரம் தளரும். பிரிட்ஜ் என்பது மடிவதற்கென்றே பிறந்த கயிறு.

இஎன் 1891 ஏ வகைக் கயிறு என்றால் முனையில் கண்ணோ முடிச்சோ இல்லாத நிலையில் குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்கும். முடிச்சு போட்டதும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வலிமை போகும் என்று வைத்தாலும் 15 கிலோநியூட்டன் மிஞ்சும். 100 கிலோ ஆள் 45 செ.மீ. பிரிட்ஜில் தொங்கினால் ஒரு காலில் வருவது 0.7 கிலோநியூட்டனுக்கும் கீழே. இருபது மடங்குக்கு மேல் கையிருப்பு. ஆகவே நல்ல பிரிட்ஜ் எடையால் அறுவதில்லை. கைவாளின் பல், ஒரே இடத்தில் தேய்ந்த மேலுறை, தளர்ந்து கழன்ற முடிச்சு, மூடாத வளையத் திருகு: பயப்பட வேண்டியது இவற்றுக்கு.

வளையத்தில் இரண்டு கவனம். ஒன்று, ஆளைத் தாங்கும் கருவியாகச் சான்று பெற்று, கிலோநியூட்டன் எண் பொறித்த வளையமாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பற்றவைத்த இரும்பு வளையம் பார்க்கக் கனமாக இருக்கும். பற்றவைப்பு எப்படி என்று யாருக்கும் தெரியாது. இரண்டு, வளையத்தின் கம்பி 10 மி.மீ.க்குக் குறையாத தடிமனில், உருண்டையாக இருக்கட்டும். கேரபைனரை நேரடியாக பிரிட்ஜில் மாட்டினால் கயிறு சின்ன வளைவில் தேயும். சாயும்போது கேரபைனர் குறுக்கே திரும்பி அதன் கதவில் எடை ஏறும். கேரபைனரின் வலிமை நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்கு மேல் இருந்தாலும் குறுக்கே அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாமல் போகலாம்.

அலுமினிய வளையம் லேசு, கயிற்றில் கறுப்பு பூசும். கறுப்பு அழுக்கே தவிரச் சேதம் இல்லை. எஃகு வளையம் கனம், தேய்வது மெதுவாக. கயிறு முறுக்கிக்கொள்ளும் தொல்லை இருந்தால் வளையத்துக்குப் பதில் சுழல் இணைப்பான் பொருத்தலாம். ஆனால் அது 5 முதல் 8 செ.மீ. உயரத்தைச் சாப்பிடும், பிரிட்ஜை அந்த அளவுக்குக் குறைத்துக் கணக்கிடுங்கள்.

கட்டும் முறை

45 செ.மீ. பிரிட்ஜுக்கு 11 மி.மீ. கயிறு என்றால் 1.6 மீட்டர் வெட்டுங்கள். ஒவ்வொரு முடிச்சும், அதன் கண்ணும் (பக்க வளையத்தைச் சுற்றும் மடி), வாலும் (மிஞ்சும் முனை) சேர்ந்து சுமார் 45 செ.மீ. விழுங்கும், 45 + 45 + 45 போக மிச்சம் இழுத்துப் பார்த்துத் திருத்துவதற்கு. வெட்டும் இடத்தில் முதலில் ஒட்டுநாடா சுற்றி, கூர்மையான கத்தியால் வெட்டி, முனையைச் சூட்டில் உருக்கி மூடுங்கள். உருகிய முனை கத்தி போல் கூராக நிற்காதபடி ஈரத்துணியால் அழுத்தி உருட்டிவிடுங்கள்.

இரு முனைக்கும் ஸ்கஃபோல்டு முடிச்சு, அதாவது மூன்று சுற்றுச் சுருக்கு:

1. ஹார்னஸைப் பக்க வளையங்கள் உங்களை நோக்கும்படி மேசையில் வையுங்கள். கயிற்று முனையை இடது பக்க வளையத்தில் வெளியிலிருந்து உள்ளே கோத்து 50 செ.மீ. இழுங்கள்.

2. வந்த முனையைப் பிரிட்ஜின் நடுவை நோக்கி, முக்கியக் கயிற்றை ஒட்டியே 15 செ.மீ. போகவிட்டு, அங்கிருந்து திரும்புங்கள்.

3. முக்கியக் கயிறு, முனையின் சொந்தக் கால் இரண்டையும் சேர்த்து, பக்க வளையத்தை நோக்கி 3 சுற்று சுற்றுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படுக்க வேண்டும்.

4. முனையை அந்த 3 சுற்றுக்கும் உள்ளே, பிரிட்ஜின் நடுவை நோக்கி நுழைத்து வெளியே எடுங்கள். திரும்பிய இடமும் முனையும் எதிரெதிரே இருக்கக் கூடாது; முனை, முக்கியக் கயிற்றை ஒட்டி வெளியே வரும்.

5. எச்சில் தொட்டு அல்லது தண்ணீர் தெளித்து மெல்ல இறுக்குங்கள். முதலில் வால், பிறகு முக்கியக் கயிறு. ஒரு பக்கம் மூன்று இணைகோடுகள், மறுபக்கம் ஒரு குறுக்குக் கோடு தெரிந்தால் முடிச்சு சரி. குறுக்கே இரண்டு சுற்று ஒன்றையொன்று ஏறியிருந்தால் அவிழ்த்து மறுபடி போடுங்கள்.

6. இப்போது ஓடும் வளையத்தைக் கயிற்றில் கோத்துவிடுங்கள். மறப்பவர்கள் உண்டு, இரண்டாம் முடிச்சு இறுகிய பிறகுதான் நினைவு வரும்.

7. வலது பக்கம் அதே முடிச்சை எதிரொளி போல் போடுங்கள். முதலில் 42 செ.மீ. அளவில் நிறுத்துங்கள். எடை ஏறியதும் இரு முடிச்சும் சேர்ந்து 2 முதல் 4 செ.மீ. வரை நீளும்.

வால் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இந்த முடிச்சில் வால் நடுவை நோக்கியே வெளியே வருவதால் வளையத்தின் ஓட்டம் இரு பக்கமும் கொஞ்சம் சுருங்கும். வாலை முக்கியக் கயிற்றோடு தையல்நூலால் தளர்வாகச் சுற்றிக் கட்டலாம். ஒட்டுநாடா வேண்டாம், அது முடிச்சை மறைத்துவிடும், மறைந்ததை யாரும் பார்ப்பதில்லை. ஓட்டத்தை முழுசாக வைத்துக்கொள்ள விரும்புபவர் இரு முனையும் தைத்த கண் உள்ள கயிற்றை நீளம் சொல்லிச் செய்து வாங்குவது நல்லது. ஒரு பக்கம் தைத்த கண், மறுபக்கம் முடிச்சு என்பது நடுவழி. நீளத்தைத் திருத்தும் வசதியும் இருக்கும்.

முனையைப் பின்னிக் கண் செய்யத் தெரிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரட்டைப் பின்னல் கயிற்றில் உள்ளே புதைக்கும் நீளம் இரு பக்கமும் சேர்ந்து 45 செ.மீ.யைத் தாண்டிவிடும். பிரிட்ஜ் முழுவதுமே விறைத்த தடியாகிவிடும். இந்த நீளத்துக்குத் தைத்த கண் அல்லது முடிச்சுதான் ஒத்துவரும்.

முதல் தொங்கல்

புது பிரிட்ஜை மரத்தில் ஏறிச் சோதிக்காதீர்கள். தலைக்கு மேல் உள்ள உறுதியான நங்கூரத்தில் கயிறு போட்டு, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் உட்காருங்கள். பக்க வளையங்கள் இரண்டிலும் மாட்டிய லேன்யார்டை (குட்டையான பிடிகயிறு) மரத்தின் தண்டைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், அது தனிப் பிடிமானம். 5 நிமிடம் அசைந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுக்கச் சாய்ந்து, நாலைந்து தடவை குதித்து உட்காருங்கள். இறங்கி வால் நீளத்தை அளந்து, மறுபடி தொங்கி, மறுபடி அளங்கள். இரண்டாம் தடவையும் வால் சுருங்கியிருந்தால் முடிச்சு இன்னும் உட்காரவில்லை, அல்லது தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்.

சாய்ந்து பார்க்கும்போது கவனிக்க: ஓடும் வளையம் முடிச்சில் மோதும் இடத்தில் கேரபைனர் திரும்பிப் படுக்கிறதா? பிடிப்பானின் கைப்பிடி பக்க வளையத்தில் இடிக்கிறதா? கைவாள் உறையின் வாய் கயிற்றைத் தொடுகிறதா? மூன்றாவதற்குப் பரிகாரம் உறையைக் கீழே, பின்னே தள்ளுவது.

திருகு வளையம் இருந்தால்

பக்க வளையமோ ஓடும் வளையமோ திருகால் மூடுவதாக இருந்தால், கையேடு சொன்ன முறுக்கு அளவில் மூடுங்கள். திருகுப் பசை போடச் சொல்லியிருந்தால் போடுங்கள். பிறகு திருகின் தலையையும் வளைய உடம்பையும் சேர்த்து ஒரு மெல்லிய வண்ணக் கோடு கிழியுங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. தினம் ஒரு பார்வை போதும், சாவி எடுத்துத் திருகிப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல பேனாவானாலும் கயிற்றிலும் நாடாவிலும் எழுதாதீர்கள். மையின் கரைப்பான் இழையைக் கெடுக்கலாம். விவரங்களை முனையில் கட்டிய சிட்டையில் எழுதுங்கள்.

ஏறியபடியே நீளம் மாற்றும் பிரிட்ஜ்

ஏறும்போது குட்டை, கிளையில் நடக்கும்போது நீளம் என்று வேண்டுபவர்கள் ஒரு பக்கம் முடிச்சுக்குப் பதில் ஹிட்ச் வைப்பார்கள். இடது முனை தைத்த கண்ணோடு நிற்கும். வலது பக்கம், இரு முனையிலும் கண் உள்ள 8 மி.மீ. ஹிட்ச் கயிறு, பிரிட்ஜ்மேல் டிஸ்டல் என்ற பிடிமுடிச்சாக, மேலே 4 சுற்று கீழே 1 சுற்று. அதன் இரு கண்ணும் வலது பக்க வளையத்தில். பிரிட்ஜின் மிச்ச முனையும் அதே பக்க வளையத்தின் வழியே போய், வெளியே ஒரு தடித்த தடுப்பு முடிச்சோடு முடியட்டும். ஹிட்ச் நழுவினாலும் தடுப்பு முடிச்சு வளையத்தில் நிற்கும். தடுப்பு முடிச்சு வளைய ஓட்டையை விடப் பெரிதா என்று முதலில் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், 11 மி.மீ. கயிற்றின் ஒற்றை முடிச்சு அகன்ற வளையத்தில் வழுக்கிப் போய்விடும்.

இதன் குறை: எடை இல்லாத நேரத்தில் ஹிட்ச் தளர்ந்து தானாக நகரும். ஒவ்வொரு தடவை கிளையில் நின்று மறுபடி உட்காரும்போதும் ஒரு பார்வை வேண்டும். அந்தப் பழக்கம் வராதவருக்கு நிலையான பிரிட்ஜ்தான் நல்லது.

இரண்டாம் பிரிட்ஜ்

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் உயரப் பணி விதிகளை ஒட்டி, தனித்தனியே நங்கூரமிட்ட இரண்டு கயிறுகளில் ஏறுவதே இப்போது எதிர்பார்க்கும் முறை. இரண்டு கயிறும் ஒரே பிரிட்ஜின் ஒரே வளையத்தில் வந்து முடிந்தால், மேலே இரண்டாக இருப்பது கீழே ஒன்றாகிவிடுகிறது. ஒரு வாள்வெட்டு இரண்டையும் காலி செய்யும். ஆகவே இரண்டாம் பிரிட்ஜுக்கு உண்மையான பயன் உண்டு.

பக்க வளையத்தில் இரண்டு கண்ணுக்கும் இடம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஒரு கண் மற்றதை வளையத்தின் விளிம்புக்குத் தள்ளினால் அங்கேயே தேய்மானம் தொடங்கும். கையேடு இரண்டு பிரிட்ஜைப் படத்தில் காட்டினால் மட்டும் செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு நிறம், 5 செ.மீ. நீள வித்தியாசம். சம நீளம் வைத்தால் இரண்டு வளையமும் ஓயாமல் மோதி ஒன்றின் கயிற்றை மற்றது உரசும். அடிக்கடி எடை தாங்கும் கயிறு குட்டையில் போகட்டும்.

பார்ப்பது எப்படி, எங்கே

தினமும் ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம். ஓடும் வளையத்தை ஒரு கோடிக்கு ஒதுக்கிவிட்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து 3 செ.மீ.க்கு ஒரு தடவை "யு" வடிவில் வளைத்துக்கொண்டே போங்கள். கண்ணைவிட விரல் சொல்வது அதிகம். ஓரிடத்தில் மட்டும் சட்டென்று மடிகிறதா? உள்ளே இழை ஒடிந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் விறைக்கிறதா? சூட்டில் உருகியிருக்கலாம், பளபளப்பு தெரியும். தட்டையாக இருந்தால் உள்கரு நகர்ந்துவிட்டது. மேலுறை தளர்ந்த காலுறை போல் திரண்டால் அது உள்கருவை விட்டு வழுக்குகிறது.

பெரும்பாலோர் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நடுவில் தேய்மானம் பரவி நடக்கிறது, அதனால் மெதுவாக நடக்கிறது. மோசமாகத் தேய்வது பக்க வளையத்துக்குள் கயிறு உட்காரும் அந்த 2 செ.மீ.; முடிச்சின் கண் அதை மறைத்திருக்கும். கண்ணைத் தள்ளி, உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மணலும் மரத்தூளும் அங்கேதான் சேரும், ஒவ்வொரு அசைவிலும் அரைக்கும். இன்னொரு இடம், வளையம் முடிச்சில் மோதும் விளிம்பு.

மாதம் ஒருமுறை இரு முடிச்சையும் அவிழ்த்து, கயிற்றைத் தலை மாற்றி, 2 செ.மீ. நகர்த்தி மறுபடி கட்டினால் தேய்மானம் பங்கிடப்படும். அவிழ்க்கும்போது முடிச்சுக்குள் இருந்த பகுதியையும் பார்க்க வாய்ப்பு கிடைக்கும். தைத்த கண் உள்ளதை இப்படி மாற்ற முடியாது. ஆகவே அது சீக்கிரம் ஓய்வு பெறும்.

உடனே மாற்ற வேண்டிய அறிகுறிகள்: உள்கரு கண்ணுக்குத் தெரிவது, எந்த அளவானாலும் வாள்வெட்டு, உருகிய பளபளப்பு, தைத்த கண்ணில் ஒரு தையல்நூல் அறுந்திருப்பது, தளர்ந்த கயிற்றில் ஒரு பெரிய விழுகையைத் தாங்கியது, பேட்டரி அமிலம் பட்டது. கைவாள் லேசாகத் தொட்டு நாலைந்து இழைதான் போயிருக்கிறது, வலிமை கணக்கில் ஒன்றும் குறையாது என்று வாதிடலாம். கணக்கும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்தில் வளையம் ஓடும், இழைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும், வெட்டு எங்கே முடிகிறது என்று இனிமேல் சொல்ல முடியாது. வளையத்தில் நகம் மாட்டும் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அரம் போட்டு மழுக்காதீர்கள்.

பாறை ஏற்றத்தில் பெயர்பெற்ற டாட் ஸ்கின்னர் 2006 அக்டோபரில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் உள்ள லீனிங் டவர் பாறையில் இறங்கும்போது விழுந்து இறந்தார். அறுந்தது அவருடைய ஹார்னஸின் நடுக்கண். அது தேய்ந்திருப்பது அவருக்கே தெரிந்திருந்தது. பிரிட்ஜ் அதே வேலையைச் செய்யும் பாகம். தேய்ந்தது தெரிந்த பிறகு "இந்த வாரம் மட்டும்" என்று ஏறுவதற்கு வேறு பெயர் கிடையாது.

கழுவுவதும் வைப்பதும்

30 பாகைக்கு மேற்படாத தண்ணீர், சாதாரணக் குளியல் சோப்பு, மென்மையான தூரிகை. வெளுப்பான் வேண்டாம், அழுத்தத் தண்ணீர்க் குழாய் வேண்டாம். அது தூளை உள்ளே தள்ளும். நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். பைன் மரத்துப் பிசின் ஒட்டினால் கரைப்பான் தேட வேண்டாம். பிசின் கயிற்றைக் கெடுக்காது, கையில்தான் ஒட்டும். சங்கிலி எண்ணெயும் நேரடியாகக் கெடுப்பதில்லை, ஆனால் மரத்தூளைப் பிடித்து வைத்து அரைக்கும் பசையாக மாற்றும். அதனால் எண்ணெய் பட்ட அன்றே கழுவுங்கள். வண்டியில் பெட்ரோல் கேனும் பேட்டரியும் இருக்கும் மூலையில் ஹார்னஸை எறியாதீர்கள்.

தினமும் ஏறுபவரின் பிரிட்ஜ், அறிகுறி இல்லாவிட்டாலும் 12 மாதத்தில் மாறட்டும். வாரக் கடைசியில் மட்டும் ஏறுபவர் கையேடு தரும் காலக்கெடுவைப் பின்பற்றலாம், அது முடியும் முன்பே அறிகுறி வந்துவிட்டால் அறிகுறிதான் கணக்கு. ஒரு நோட்டில் நான்கு விவரம் போதும்: கயிற்றின் பெயரும் தொகுதி எண்ணும், வாங்கிய நாள், கட்டிய நாள், கழற்றிய நாளும் காரணமும். மூன்று பிரிட்ஜ் மாறிய பிறகு அந்த நோட்டைப் புரட்டினால், ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில், எதனால் தேய்ந்தது என்பது தெரியும். உங்கள் சாயும் பழக்கமும் தெரியும்.

கழற்றிய பிரிட்ஜைக் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைக்காதீர்கள். சாமான் கட்ட எடுத்தவர் ஒருநாள் அவசரத்துக்கு ஹார்னஸில் கட்டிவிடுவார். கழற்றிய அன்றே 10 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டும்போது பக்க வளையத்துக்குள் இருந்த துண்டைப் பிளந்து உள்கருவைப் பாருங்கள்: பொடி நிறைந்து, இழைகள் சாம்பல் நிறமாக உதிர்ந்தால் இதைக் கழற்ற ஒரு மாதம் தாமதித்துவிட்டீர்கள், அடுத்ததை முன்பே கழற்றுங்கள். வெள்ளையாக, பளிச்சென்று இருந்தால் உங்கள் கால அளவு சரி.